உணர்வு நுண்ணறிவு: 'டென்ஷன்' என்ற ஒரே சொல்லோடு எத்தனை நாள் ஓட்டுவது?

பனித்துளி77:
அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் 'இமோஷனல் இன்டெலிஜென்ஸ்' என்று ஸ்லைடு ஸ்லைடாகப் போடுகிறார்கள். "உங்களை அறியுங்கள், பிறரைப் புரிந்துகொள்ளுங்கள்" என்பதற்கு மேல் ஒன்றும் தேறுவதில்லை. சமையல் குறிப்பு மாதிரி அளவோடு யாராவது சொல்ல முடியுமா? தினமும் எத்தனை நிமிடம், எதை எழுதுவது, எங்கே சொதப்பும். கோபம் தலைக்கேறின அந்த நிமிஷத்தில் என்ன செய்வது என்பதும் வேண்டும். தத்துவம் வேண்டாம், ப்ளீஸ்.

செவ்வந்தி:
அளவோடயே சொல்றேன். அதுக்கு முன்னாடி ரெண்டு வரி பின்னணி, இல்லேன்னா பயிற்சி எதுக்குன்னு புரியாது.

இந்தப் பெயரில் கோட்பாடாக முதலில் விரிவாக எழுதியவர்கள் பீட்டர் சலோவி, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், 1990-ல். பின்னால் அவர்கள் அதை நாலு திறனாகப் பிரித்தார்கள்: உணர்ச்சியைக் கண்டுகொள்வது, அதைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது எதனால் வந்தது, எதுவாக மாறும் என்று புரிந்துகொள்வது, கடைசியில் கையாள்வது. பயிற்சி வகுப்புகள் நேராக நாலாவதுக்குத் தாவிடுது. முதல் படி இல்லாம நாலாவது படி நிக்காது. வந்திருப்பது கோபமா அவமானமா என்றே தெரியாதவருக்கு "கோபத்தைக் கட்டுப்படுத்து" என்று சொல்லி என்ன பயன்?

அதனால முதல் 14 நாள் பெயர் வைக்கும் வேலை மட்டும். ஒரு சின்ன நோட்டு. அலைபேசியில் 3 அலாரம்: காலை 10, மதியம் 3, இரவு 8. ஒவ்வொரு முறையும் 2 நிமிடம், அதுக்கு மேல வேண்டாம். ஐந்து கட்டம் போடுங்க.

1. தெம்பு: −5 முதல் +5 வரை. சோர்ந்து கிடந்தா −5, துள்ளினா +5.
2. இதம்: அதே அளவு. மனசுக்குப் பிடிக்கலைன்னா கீழே, பிடிச்சா மேலே.
3. உடம்பு: எந்த இடம், என்ன செய்யுது. வயித்தைக் கலக்குதா, தொண்டை அடைக்குதா, தாடை இறுகியிருக்கா, காது சூடா.
4. பெயர்: ஒரே ஒரு உணர்ச்சிச் சொல்.
5. உந்துதல்: இப்ப என்ன செய்யத் தோணுது. எழுந்து போகணும், பதில் அடிக்கணும், போர்த்திப் படுக்கணும்.

முதல் ரெண்டு கட்டமும் உளவியலாளர் ஜேம்ஸ் ரசல் உணர்ச்சிகளை அடுக்கி 1980-ல் வரைந்த வட்டத்திலிருந்து வந்தது. ரெண்டு எண்ணையும் போட்டாலே நாலு மூலையில் எந்த மூலையில இருக்கீங்கன்னு தெரிஞ்சுடும். தெம்பு மேலே, இதம் கீழேன்னா கோபம், பயம், பதற்றம். ரெண்டும் கீழேன்னா வருத்தம், சலிப்பு, விரக்தி. தேட வேண்டிய சொற்கள் நிறையக் குறைஞ்சிடும்.

சொதப்புற இடங்கள் மூணு. ஒன்று, பகல் முழுக்க விட்டுட்டு ராத்திரி மூணையும் சேர்த்து எழுதுவது. கடைசியா நடந்ததன் நிறம் மற்ற ரெண்டின் மேலயும் பூசிடும். ரெண்டு, நாலாவது கட்டத்தில் 'டென்ஷன்', 'மூட் அவுட்', 'ஒரு மாதிரி இருக்கு' என்று எழுதுவது. இந்த மூணு சொல்லுக்கும் 14 நாள் தடை. மூணாவதுதான் பெரிசு: உணர்ச்சியின் இடத்தில் தீர்ப்பை எழுதுவது. "என்னை மதிக்கலை", "ஏமாத்திட்டாங்க", "ஒதுக்கிட்டாங்க" இதெல்லாம் அடுத்தவர் செய்ததாக நாம நினைக்கிறது. உணர்ச்சி அதுக்கு அடியில் இருக்கு.

கணக்குப்பிள்ளை:
செவ்வந்தி அம்மா சொல்ற பயிற்சியில் எனக்குச் சண்டை இல்லை. உணர்வு நுண்ணறிவை எண்ணாக்கி 'ஈ.க்யூ. மதிப்பெண்' என்று விற்கிறார்களே, அதில்தான். 1995-ல் டேனியல் கோல்மன் புத்தகம் வந்த பிறகுதான் இது ஊரெல்லாம் பரவியது. வாழ்க்கை வெற்றியில் இத்தனை சதவீதம் ஈ.க்யூ. என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

தேர்வில் இரண்டு சாதி. ஒன்று, "நான் பிறர் உணர்வை எளிதில் புரிந்துகொள்வேன்: 1 முதல் 5" என்று நம்மையே கேட்பது. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இது திறனை அளப்பதில்லை, நம்மைப் பற்றி நமக்கிருக்கும் அபிப்பிராயத்தை அளக்கிறது. பாட்டுப் பாடத் தெரியுமா என்று கேட்டுவிட்டு, பாடச் சொல்லாமலே பரிசு கொடுப்பது போல. இரண்டாவது, மேயரும் சலோவியும் கருசோவும் செய்த 141 கேள்வித் தேர்வு. முகப்படம் காட்டி, சூழ்நிலை கொடுத்து, விடை கேட்கும். இது மேல். ஆனால் 'சரியான விடை' என்பதை நிபுணர்களோ பெரும்பாலானவர்களோ சொன்னதை வைத்தே முடிவு செய்கிறார்கள். வேறு ஊர், வேறு பழக்கம் உள்ளவர் அங்கே அடி வாங்குவார்.

இன்னொன்று. 2014-ல் ஷெல்டன், டன்னிங், ஏம்ஸ் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில், இந்தத் திறனில் கடைசியில் நின்றவர்களே தங்களை மிக அதிகமாக மதிப்பிட்டிருந்தார்கள். மதிப்பெண்ணைக் காட்டிய பிறகும் தேர்வைத்தான் குறை சொன்னார்கள். திருத்திக்கொள்ளும் ஆர்வமும் அவர்களிடமே குறைவு. இணையத் தேர்வில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அதை நினைவில் வைத்துக்கொண்டு கொண்டாடவும்.

செவ்வந்தி:
சரிதான். அளக்கணும்னா மதிப்பெண்ணை விடுங்க, எண்ணிக்கையை எடுங்க. ஒரு வாரத்தில் எத்தனை முறை குரல் உயர்ந்தது, சண்டைக்குப் பிறகு சாதாரணமாகப் பேச எத்தனை மணி நேரம் ஆச்சு, நோட்டில் எத்தனை வெவ்வேறு சொற்கள் இருக்கு. மூணாவது எண்தான் முதலில் நகரும். இரண்டு வாரம் கழிச்சும் ஐந்தாறு சொல்லிலேயே நின்னா, நோட்டு கடமைக்கு எழுதப்படுதுன்னு அர்த்தம்.

ஏட்டுச்சுவடி:
சொல் என்று வந்துவிட்டதால் உள்ளே வருகிறேன். தமிழில் உணர்ச்சிச் சொற்களுக்குப் பஞ்சமில்லை, புழக்கத்தில்தான் பஞ்சம். தொல்காப்பியம் மெய்ப்பாடு எட்டு என்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பள்ளியில் இதை மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடுகிறோம். அடுத்து வருவதுதான் பயன்படும் பகுதி. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன். அழுகை பிறக்குமிடம் இளிவு, இழவு, அசைவு, வறுமை. ஒருவர் அழுகிறார் என்றால், அவரை யாரோ தாழ்த்தினார்களா, எதையாவது இழந்தாரா, முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்தாரா, இல்லாமையா என்று நான்கு வாசல். நான்குக்கும் ஒரே ஆறுதல் எடுபடாது. இழந்தவரிடம் "நீங்க எவ்வளவு திறமைசாலி" என்றால் எரிச்சல்தான் வரும். தாழ்த்தப்பட்டவருக்கு அதே சொல் மருந்து.

செவ்வந்தியின் நான்காம் கட்டத்துக்குக் கைக்கு வரும்படி ஒரு பிரிவு தருகிறேன். எல்லாவற்றையும் 'கோபம்' என்றே எழுதுவோம். செய்ய வேண்டியது வேறு வேறு.

எரிச்சல்: சின்னச் சின்னத் தடைகள் சேர்ந்தது. பசி, தூக்கக்குறைவு, வெயில், சத்தம். பேச்சுவார்த்தை வேண்டாம், சாப்பாடும் ஓய்வும் வேண்டும். இதை மனிதர் மேல் வழக்காக மாற்றினால் வீண் சண்டை.

கோபம்: ஒரு எல்லை மீறப்பட்டது. எந்த எல்லை என்று ஒரு வாக்கியத்தில் எழுத முடியவேண்டும். முடியாவிட்டால் அது வேறு சொல்.

ஆதங்கம்: நடந்திருக்கலாமே, நடக்கவில்லையே. எதிராளி பெரும்பாலும் நமக்கு வேண்டியவர். கத்தினால் கெடும், சொன்னால் தீரும்.

மனத்தாங்கல்: சொல்லாமல் உள்ளே வைத்த வருத்தம். இதற்கு வயது உண்டு. எத்தனை மாதமாக இருக்கிறது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

ஆற்றாமை: செய்வதற்கு எதுவுமில்லாத நிலை. இதைக் கோபம் என்று தவறாகப் பெயரிட்டு, கைக்கு எட்டுகிற யார் மேலாவது காட்டுவதே வீடுகளில் அதிகம் நடப்பது. மேலதிகாரியிடம் ஆற்றாமை, பிள்ளையிடம் கோபம்.

அவமானம்: நான்கு பேர் முன்னால் தாழ்ந்தது. வெகுளி மாதிரியே வெளிப்படும், முகம் மட்டும் சுண்டிப்போயிருக்கும். தனியே வந்து மன்னிப்புக் கேட்டால் ஆறாது; எந்த நான்கு பேர் முன் நடந்ததோ அங்கேதான் சரிசெய்ய வேண்டும்.

குற்றவுணர்வு: தாழ்ந்தது நாமல்ல, நாம் செய்த செயல். "நான் செய்தது தப்பு" என்று வந்தால் ஈடு செய்ய வழியுண்டு. "நானே தப்பு" என்று வந்தால் அது குற்றவுணர்வு இல்லை, அவமானத்தின் தம்பி.

கணக்குப்பிள்ளை:
ஆதங்கத்தை எங்கள் பக்கம் கோபத்துக்கு ரொம்ப நெருக்கமாகத்தான் சொல்வார்கள். "ஆதங்கத்தில் ரெண்டு அடி வெச்சுட்டேன்" என்பது சகஜம்.

ஏட்டுச்சுவடி:
இருக்கலாம். அகராதிப்படி யார் சரி என்பது இங்கே முக்கியமில்லை. ஒரு வீட்டில், ஒரு குழுவில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள் இருந்தால் போதும். அடி வைத்தது மட்டும் எந்த அகராதியிலும் வராது.

வடலி:
எங்கட இலங்கைப் பக்கம் 'கவலை' எண்டால் துக்கம். "கேட்டுக் கவலையாக் கிடக்கு" எண்டு செத்த வீட்டில சொல்லுறது வழமை. தமிழ்நாட்டு ஆக்களுக்குக் கவலை எண்டால் நாளைக்கு என்ன நடக்குமோ எண்ட யோசினை. ரெண்டு ஊர் ஆக்களும் சேர்ந்து வேலை செய்யிற இடத்தில இதாலயே ஆளையாள் பிழையா விளங்கிக்கொள்ளுவினம். ஒருத்தர் துக்கத்தைச் சொல்ல, மற்றவர் "யோசிக்காதீங்க, எல்லாம் சரியாயிடும்" எண்டுவார்.

பனித்துளி77:
இந்த இழையை அச்செடுத்து வைக்கணும். ஆனால் என் இரண்டாவது கேள்வி நிற்கிறது. கோபம் உச்சத்தில் இருக்கும்போது நோட்டை எடுத்து "இது ஆற்றாமையா ஆதங்கமா" என்று பார்க்க முடியுமா? தலையணையைக் குத்தினால் தணியும் என்கிறார்களே?

நாடி:
தலையணையை விட்டுவிடுங்கள். பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. சும்மா உட்கார்ந்திருந்தவர்களுக்கே குறைவு. குத்துவது உடம்பின் வேகத்தைக் குறைப்பதில்லை, ஒத்திகை பார்க்க வைக்கிறது. நண்பருக்குப் போன் போட்டு ஒரு மணி நேரம் அதையே திரும்பத் திரும்பச் சொல்வதும் கிட்டத்தட்ட அதே ஒத்திகை.

உச்சத்தில் வரிசை இப்படி.

முதலில் நாடி. கழுத்திலோ மணிக்கட்டிலோ 15 வினாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். தம்பதிகளின் சண்டையை ஆய்வகத்தில் வைத்தே அளந்த ஜான் காட்மன், நிமிடத்துக்கு 100-ஐ ஒரு எல்லையாகச் சொல்கிறார். அதைத் தாண்டினால் காதில் விழுவது மூளைக்குள் போகாது; எதிராளியின் நியாயமான வாக்கியமும் வசவாகத்தான் கேட்கும். அப்போது பேச்சை வெல்ல முயலக்கூடாது, நிறுத்த வேண்டும்.

நிறுத்துவதில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போவது எதிராளிக்குப் புறக்கணிப்பு. "போதும், விடு" என்பது அதைவிட மோசம். சொல்ல வேண்டியதில் இரண்டு சரக்கு இருக்க வேண்டும்: நான் நிறுத்துகிறேன், இத்தனை மணிக்குத் திரும்புவேன். "இப்ப பேசினா தப்பாப் பேசிடுவேன். ஏழரைக்கு உக்காந்து பேசலாம்." ஏழரை என்றால் ஏழரை. ஒரு முறை வராமல் விட்டால் அடுத்த முறை உங்களை எழுந்து போக விடமாட்டார்கள்.

இடைவெளி குறைந்தது 20 நிமிடம். உடம்பில் கிளம்பியது அடங்க அவ்வளவாவது ஆகும். அந்த நேரத்தில் "அவன் அப்படிச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன்" என்று வசனம் எழுதினால் கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். பாத்திரம் கழுவுங்கள், துணி மடியுங்கள், நடங்கள். கைக்கு வேலை இருக்கிற எதுவும் சரி.

மூச்சு: மூக்கால் ஒரு இழுப்பு, அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாய் வழியாக நீளமாக விடுவது. விடுவது இழுப்பதைவிட நீளம் என்பதுதான் சூட்சுமம். 2023-ல் வெளியான ஓர் ஆய்வில் இதை நாளுக்கு 5 நிமிடம் ஒரு மாதம் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள், மனநிலை மேம்பட்டது. பெரிய மூச்சாக வேகவேகமாக இழுத்தால் தலை சுற்றும், விரல் மரத்துப்போகும், பதற்றம் கூடும். அப்படி ஆனால் நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடவும்.

கைபேசி: பதில் எழுதியே ஆகவேண்டும் என்றால் அரட்டைப் பெட்டியில் எழுதாதீர்கள், குறிப்புச் செயலியில் எழுதுங்கள். கட்டைவிரல் தவறி அனுப்பும் பொத்தானைத் தொட்டுவிட்டால் திரும்பி வராது.

பனித்துளி77:
அப்போ அடக்கிக்கொள்வது நல்லதா கெட்டதா? இடைவெளி எடுப்பதும் அடக்குவதுதானே?

நாடி:
இல்லை. உளவியலாளர் ஜேம்ஸ் கிராஸ் 1998-ல் போட்ட வரைபடம் உதவும். உணர்ச்சி வரும் பாதையில் ஐந்து இடத்தில் கை வைக்கலாம்: சூழலைத் தேர்வது, சூழலை மாற்றுவது, கவனத்தைத் திருப்புவது, பொருள்கொள்வதை மாற்றுவது, கடைசியாக முகத்தையும் குரலையும் அடக்குவது. இடைவெளி எடுப்பது இரண்டாம், மூன்றாம் இடம். 'அடக்குவது' ஐந்தாம் இடம், அதாவது ஆறு கரை உடைத்த பிறகு மணல் மூட்டை. முகத்தை அடக்கினால் உள்ளே கோபம் குறைவதில்லை. உடம்பின் வேகம் கூடுகிறது. பேச்சில் நடந்தது சரியாக நினைவிலும் நிற்பதில்லை. எதிரில் இருப்பவரின் ரத்த அழுத்தமும் ஏறுகிறது என்று 2003-ல் அளந்து காட்டினார்கள். கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், கருவி வேண்டியதில்லை.

முதல் இடம்தான் மலிவு. மாலை ஆறரைக்குப் பசியோடு வந்ததும் மதிப்பெண் பட்டியலைப் பார்க்காதீர்கள். எட்டு மணிக்குப் பாருங்கள்.

அடிக்கடி வரும் ஒரே ஒரு சூழலுக்கு 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று ஒரு வரி எழுதி வையுங்கள். "கூட்டத்தில் என் பேச்சை இடைமறித்தால், பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவர் முடிக்கும்வரை காத்திருப்பேன்." செயல் கண்ணுக்குத் தெரிவதாக இருக்கவேண்டும். "பொறுமையாக இருப்பேன்" என்பது செயல் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு வரிதான். பத்து எழுதினால் பத்தும் மறக்கும்.

செவ்வந்தி:
அடுத்தவர் உணர்ச்சி பத்தி யாரும் தொடலை. அங்க பெரிய தப்பு, நாம கத்துக்கிட்ட பெயரை அவங்க மேல ஒட்டுறது. "நீங்க இப்ப கோபமா இருக்கீங்க" என்றால் இல்லாத கோபமும் வரும். பெரியவங்ககிட்ட சொன்னா மரியாதைக்குறைவு வேற. ஊகத்தைக் கேள்வியா மாத்துங்க, நிகழ்ச்சியோட சேர்த்து: "தேதியை மாத்தினது உங்களுக்குச் சங்கடமாப் போச்சோ?" தப்பான சொல்லா இருந்தா அவங்களே திருத்துவாங்க, "சங்கடம் இல்லம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேன்னுதான்" என்று. அந்தத் திருத்தம்தான் நமக்கு வேண்டியது.

மேலதிகாரி, மாமியார், பெரியப்பா மாதிரி இடங்களில் உணர்ச்சிச் சொல்லையே தவிர்த்து நிகழ்ச்சியை மட்டும் சொல்லலாம்: "நேத்து அப்படி நடந்திருக்க வேண்டாம், மாமா." சொல்லிட்டு ஐந்து வினாடி சும்மா இருங்க. அந்த ஐந்து வினாடியைத் தாங்க முடியாமதான் பலபேர் அறிவுரைக்குப் போயிடறாங்க. "புரியுது, புரியுது" என்று நடுவில் வெட்டறதும் அதே வகை.

நம்ம மொழியில் ஒரு வசதி உண்டு. "எனக்குக் கோபம் வந்தது", "எனக்குப் பயமா இருக்கு" என்கிறோம். உணர்ச்சி வெளியிலிருந்து வந்து போகும் விருந்தாளி. "நீ என்னைக் கோபப்படுத்துற" என்று திருப்பினதும் அது குற்றச்சாட்டு ஆயிடுது. அதே சேதி, வேற்றுமை உருபு மாறினதும் சண்டை.

கணக்குப்பிள்ளை:
ஒரு எச்சரிக்கை, பிறகு போய்விடுகிறேன். ஆள் குறைத்து, வேலை நேரம் கூட்டிவிட்டு, 'உணர்வு நுண்ணறிவு' வகுப்பு எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷைல்ட் 1983-லேயே விமானப் பணிப்பெண்களை வைத்து எழுதினார்: சம்பளத்துக்காகப் புன்னகைப்பதும் உழைப்புதான், அதற்கும் தேய்மானம் உண்டு. நோட்டில் இரண்டு வாரமும் மதியம் 3 மணிக்கு மட்டும் இதம் −4 என்றால், கோளாறு அந்த 3 மணிக் கூட்டத்தில் இருக்கலாம், எழுதுகிறவரிடம் இல்லை.

நாடி:
அதோடு இதையும். இரண்டு வாரம் பெரும்பாலான நேரம் ரெண்டு எண்ணும் கீழேயே கிடந்து, தூக்கமும் பசியும் மாறி, எதிலும் பிடிப்பு இல்லையென்றால் நோட்டு போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416, தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. சாகத் தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றே.

பனித்துளி77:
சரி, கற்பனையாக ஒரு வரி போட்டுப் பார்க்கிறேன், திருத்துங்கள்.
மதியம் 3 | தெம்பு +3 | இதம் −4 | உடம்பு: ரொம்ப டென்ஷன் | பெயர்: மதிக்கவில்லை | உந்துதல்: வேலையை விட்டுவிடலாம்.

செவ்வந்தி:
எண் ரெண்டும் நல்லா இருக்கு. உடம்பில் தடை போட்ட சொல் வந்துடுச்சு. தாடையா, தோளா, வயிறா? 'மதிக்கவில்லை' தீர்ப்பு, அதை அடிச்சிடுங்க. தெம்பு மேலே, இதம் கீழேங்கறதால கோபம், அவமானம், பதற்றம் மூணில் ஒண்ணா இருக்கலாம். நாலு பேர் முன்னால் நடந்ததான்னு கேட்டுப் பாருங்க, அப்புறம் ஏட்டுச்சுவடி ஐயாவோட பட்டியல். உந்துதலில் வேலையை விடறது முடிவு, உந்துதல் இல்லை; அந்த 2 நிமிடத்தில் கை எங்கே போச்சு, அதை எழுதுங்க. பெயர் கிடைக்கலைன்னா அந்தக் கட்டம் காலியா இருக்கட்டும், 8 மணி அலாரத்தில் நிரப்பலாம்.